வண்டி கிளம்பினால் போதுமா?

நண்பர்களே, ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்கலாம். ஒரு கார் ஓட என்னென்ன வேணும்?

மெக்கானிக்கல் நண்பர்கள் உடனே பெட்ரோல், காற்று, தீப்பொறி, கம்ப்ரெஷன் என்று அடுக்கிவிடுவார்கள். பேட்டரியை விட்டுட்டீங்களே என்று எலக்ட்ரிக்கல் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். கடைசி பெஞ்சில் இருக்கும் சிவில் நண்பர் மட்டும் நிதானமாக, முதல்ல ரோடு வேணும்பா என்பார்.

கனடாவில் ஒரு கிராமத்து மெக்கானிக்கின் வாழ்க்கை முழுக்க இந்த மூன்று பதில்களுக்கு நடுவில்தான் கழிந்தது. அவர் பெயர் ஜோசப் அர்மாண்ட் பம்பார்டியர். பிரெஞ்சுக்காரர்கள் பொம்பார்டியே என்பார்கள். நாம் பம்பார்டியர் என்றே வைத்துக்கொள்வோம். டெல்லி மெட்ரோவில் போனவர்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். அங்கே ஓடும் ரயில்களில் பலவற்றைச் செய்து கொடுத்தது அவர் பெயரில் இருந்த கம்பெனிதான். விமானமும் செய்த கம்பெனி அது. ஆனால் அதைத் தொடங்கிய மனிதர் ரயிலும் செய்யவில்லை, விமானமும் செய்யவில்லை. பனியில் சிக்கிக்கொண்ட ஓர் ஊரிலிருந்து வெளியே போக ஒரு வண்டி செய்தார். அவ்வளவுதான்.

பாதி வருஷம் பூட்டிக் கிடக்கும் ஊர்

1907 ஏப்ரல் 16 அன்று, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற சிற்றூரில் அர்மாண்ட் பிறந்தார். அப்பா ஆல்ஃபிரட், அம்மா அன்னா. எட்டுப் பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். அப்பா முதலில் விவசாயம் பார்த்தார், பிறகு கடை வைத்தார்.

அந்த ஊர்க் குளிரை நம்மால் கற்பனை செய்வது கொஞ்சம் கஷ்டம்தான். ஜனவரியில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் என்பது அங்கே சாதாரணம். சில இரவுகளில் மைனஸ் 30-ஐத் தொடும். ஒரு குளிர்காலம் முழுக்கக் கொட்டும் பனியின் அளவைக் கூட்டினால் ஏறக்குறைய 3 மீட்டர் வரும். நம் வீட்டு மேற்கூரை உயரம்! அந்தக் காலத்தில் கிராமத்துச் சாலைகளில் பனியை அள்ளிப் போட ஆளும் கிடையாது, இயந்திரமும் கிடையாது. அதனால் கார் வைத்திருப்பவர்கள் பனி தொடங்கியதும் சக்கரங்களுக்குக் கீழே கட்டைகளை முட்டுக்கொடுத்து, கொட்டகையில் வண்டியைப் பூட்டிவிடுவார்கள். வசந்த காலம் வந்த பிறகுதான் மறுபடி எடுப்பார்கள். நடுவில் இருக்கும் மாதங்களுக்கெல்லாம் குதிரை பூட்டிய சறுக்கு வண்டிதான் கதி.

அந்தக் கால வண்டியும் கடுங்குளிரும்

சரி, ரோடு இல்லாவிட்டால் போகட்டும், இன்ஜினையாவது கிளப்ப முடியுமா? அதுவே பெரிய கூத்து.

தேங்காய் எண்ணெய் மார்கழியில் பாட்டிலுக்குள் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்ஜின் ஆயிலும் கடுங்குளிரில் கிட்டத்தட்ட அந்த நிலைக்குப் போகும். இன்று நாம் ஊற்றும் மல்டிகிரேடு ஆயில் 1920-களில் புழக்கத்தில் இல்லை. வெயில் காலத்துக்கு ஏற்ற ஆயில் குளிரில் பாகு மாதிரி ஆகிவிடும். பிஸ்டனும் கிராங்க்ஷாஃப்ட்டும் அந்தப் பாகுக்குள் சுற்றவேண்டும். அதனால் பலர் ராத்திரியே ஆயிலைச் சூடாக வடித்தெடுத்து, வீட்டுக்குள் அடுப்புப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். காலையில் சூடாகத் திரும்ப ஊற்றுவார்கள்.

அடுத்தது ரேடியேட்டர். தண்ணீர் உறைந்தால் கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடும். இரும்பு வார்ப்பில் செய்த இன்ஜின் பிளாக் அந்த விரிவைத் தாங்காமல் வெடித்துவிடும். ஒரே ராத்திரியில் இன்ஜின் காலி. அதனால் தண்ணீரையும் வடிக்கவேண்டும், அல்லது ஆல்கஹால் கலக்கவேண்டும். ஆல்கஹாலோ இன்ஜின் சூடானதும் ஆவியாகிப் போய்விடும், திரும்பத் திரும்ப ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஃபோர்டு மாடல் டி காரில் தண்ணீர் பம்பே கிடையாது. சூடான தண்ணீர் மேலே போகும், குளிர்ந்தது கீழே இறங்கும் என்ற இயல்பை வைத்தே தண்ணீர் சுற்றும். அதனால் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரேடியேட்டரின் அடிப்பகுதி உறைந்துபோவதும் உண்டு. வண்டியின் மூக்கில் கம்பளி போர்த்தி ஓட்டினார்கள் என்றால் அது அழகுக்கு இல்லை!

பெட்ரோலும் ஒத்துழைக்காது. இன்ஜினில் எரிவது திரவ பெட்ரோல் இல்லை, ஆவியாகிக் காற்றோடு கலந்த பெட்ரோல். கடுங்குளிரில் அதன் லேசான பகுதி மட்டும் கொஞ்சமாக ஆவியாகும். மீதி சிலிண்டர் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். சோக்கை இழுத்து, காற்றைக் குறைத்து, பெட்ரோலைக் கூட்டினால்தான் எரியக்கூடிய கலவை கிடைக்கும். கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டால் ஸ்பார்க் பிளக் நனைந்து எல்லாம் பாழ்.

பேட்டரி இருந்த வண்டிகளுக்கு வேறு தொல்லை. லெட்-ஆசிட் பேட்டரிக்குள் நடப்பது வேதிவினை, குளிர்ந்தால் அது மந்தமாகும். மைனஸ் 18 டிகிரியில் பேட்டரி தரும் சக்தி, நல்ல வெப்பநிலையில் தருவதில் பாதியைச் சுற்றித்தான் இருக்கும். அதே நேரம் கெட்டியான ஆயிலால் இன்ஜினைச் சுற்றத் தேவைப்படும் விசை பல மடங்கு கூடியிருக்கும். வரவு பாதி, செலவு இரட்டிப்பு! சார்ஜ் இறங்கிய பேட்டரியில் அமிலம் நீர்த்துப்போய் இருப்பதால் அது உறைந்து உடையவும் செய்யும்.

பேட்டரியை நம்பாதவர்கள் முன்பக்கம் நின்று கிராங்க் கம்பியைக் கையால் சுற்றினார்கள். ஸ்பார்க் லீவரைச் சரியான இடத்தில் வைக்காவிட்டால் இன்ஜின் பின்னோக்கி உதைக்கும், மணிக்கட்டு உடையும். மாடல் டி-யில் இன்னொரு வேடிக்கையான ஆபத்தும் இருந்தது. அதன் கிளட்ச் தகடுகள் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கிக் கிடக்கும். ஆயில் கெட்டியானால் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நியூட்ரலில் இருக்கிறது என்று நம்பிக் கிராங்க் சுற்றினால், இன்ஜின் கிளம்பிய அதே நொடி வண்டி முன்னால் நிற்கிற ஆள் மேலேயே ஏற வரும். இதற்கு அன்றைய மெக்கானிக்குகள் கண்டுபிடித்த வழி: பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தரையிலிருந்து தூக்கிவிடுவது. டிஃபரன்ஷியல் இருப்பதால் தூக்கிய சக்கரம் மட்டும் சும்மா சுற்றும், வண்டி நகராது. டிஃபரன்ஷியலை நாம் புத்தகத்தில் படிக்கிறோம், அவர்கள் உயிர் பிழைக்கப் பயன்படுத்தினார்கள்!

இத்தனை பாடுபட்டு இன்ஜினைக் கிளப்பினாலும் என்ன பயன்? கொட்டகைக் கதவைத் திறந்தால் வெளியே இடுப்பளவு பனி. இந்த இடத்தில்தான் நம்ம கதாநாயகன் வருகிறார்.

விசிறி வைத்த சறுக்கு வண்டி

சின்ன வயசிலிருந்தே அர்மாண்டுக்குக் கை சும்மா இருக்காது. பழைய கடிகாரங்களைப் பிரித்து, அதில் கிடைத்த பல்சக்கரங்களையும் ஸ்பிரிங்கையும் வைத்துப் பொம்மை இயந்திரங்கள் செய்வான். வீட்டில் இருந்த காரையும் அவன் விட்டுவைக்கவில்லை. மகனைப் பாதிரியார் ஆக்கவேண்டும் என்பது பெற்றோர் ஆசை. 14 வயதில் ஷெர்புரூக் நகரில் இருந்த சமயப் பள்ளிக்கு அனுப்பினார்கள். உடம்பு அங்கே இருந்தது, மனசு என்னவோ இன்ஜினில்தான்.

மகனின் தொல்லை தாங்காமல், ஓடாத ஒரு பழைய மாடல் டி இன்ஜினை அப்பா அவனுக்குக் கொடுத்தார். இதை வைத்துக்கொண்டு என் காரை விட்டுவிடு என்பதுதான் ஒப்பந்தம். பையன் அதைப் பழுதுபார்த்து ஓடவும் வைத்துவிட்டான்.

1922 டிசம்பர் 31. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த 15 வயது அர்மாண்டும் தம்பி லியோபோல்டும் கொட்டகையிலிருந்து ஒரு விசித்திர வாகனத்தை வெளியே தள்ளினார்கள். மரச் சறுக்கு வண்டி, அதன் மேல் அந்த ஃபோர்டு இன்ஜின், அதன் பின்னால் கையால் செதுக்கிய மர விசிறி. இன்ஜின் கிளம்பியதும் விசிறி காற்றைப் பின்னால் தள்ள, வண்டி பனியின் மேல் முன்னால் பாய்ந்தது. வால்கூர் தெருக்களில் சுமார் ஒரு கிலோமீட்டர் ஓடியது. ஊரே வேடிக்கை பார்த்தது.

அப்பா மட்டும் கைதட்டவில்லை. மூடி எதுவும் இல்லாமல் முழு வேகத்தில் சுழலும் விசிறி, பக்கத்தில் இரண்டு பிள்ளைகள். உடனே பிரித்துப் போடச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பையனுக்கு ஒன்று நிச்சயமாகிவிட்டது. பனியின் மேல் இன்ஜினால் ஓட முடியும். இனி அதைப் பாதுகாப்பாக ஓடவைக்கவேண்டும்.

கராஜ்காரர்

17 வயதில் அப்பாவிடம் பேசி, சமயப் படிப்பை விட்டு வெளியே வந்தார். பக்கத்து ஊர் கராஜில் தொழில் பழகினார். பிறகு மாண்ட்ரியல் போனார். பகலில் பட்டறை வேலை, மாலையில் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் வகுப்புகள். தொழில்நுட்பப் புத்தகங்கள் பலவும் ஆங்கிலத்தில் இருந்ததால் அந்த மொழியையும் கற்றுக்கொண்டார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவர் வாங்கவில்லை.

1926-ல் 19 வயதில் வால்கூருக்குத் திரும்பினார். அப்பா கடன் கொடுக்க, சொந்தமாக ஒரு கராஜ் திறந்தார். சில வருஷங்களிலேயே அந்தக் கடனை அடைத்தும் விட்டார். கார், பம்பு, அறுவை இயந்திரம் என்று எது பழுதானாலும் சுற்றுவட்டார மக்கள் அவரிடம்தான் வந்தார்கள். கடையில் கிடைக்காத கருவிகளைத் தானே செய்துகொண்டார். ஓடையில் தண்ணீரைத் தேக்கி, பட்டறைக்குத் தேவையான சக்தியையும் அதிலிருந்தே எடுத்தார். 1929-ல் இவோன் லாப்ரெக் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார்.

ஆனால் கார் பழுதுபார்ப்பவருக்கு வால்கூரில் ஆறேழு மாசம்தான் வேலை. பனி தொடங்கினால் கார்கள் கொட்டகைக்குப் போய்விடும். அந்த வேலையில்லாத மாதங்களில்தான் அவர் தன் பனி வண்டி ஆராய்ச்சியைச் செய்தார். பழைய கார்களை வாங்குவது, முன்சக்கரத்துக்குப் பதில் சறுக்குக் கட்டை போடுவது, பின்னால் பட்டை மாட்டுவது, ஓட்டிப் பார்ப்பது, உடைவது, மறுபடி செய்வது. வருஷா வருஷம் இதேதான்.

இந்த முயற்சியில் அவர் தனி ஆள் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். ரஷ்யாவில் ஜார் மன்னரின் கார்களுக்கு அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் ரப்பர் பட்டை மாட்டியிருந்தார். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் வர்ஜில் வைட் என்பவர் மாடல் டி காரைப் பனி வண்டியாக மாற்றும் உதிரிப் பொருள்களை விற்றுக்கொண்டிருந்தார். ஆனால் வால்கூரின் ஆழமான, பொலபொலவென்ற புதுப் பனியில் நம்பி ஏறிப்போகக்கூடிய வண்டிதான் இன்னும் கைக்கு வரவில்லை.

1934

1934 குளிர்காலம். அவருடைய மகன் இவோனுக்கு இரண்டு வயது. குழந்தைக்குக் கடுமையான வயிற்றுவலி வந்தது. குடல்வால் அழற்சி, அது முற்றி வயிற்றுக்குள் பரவிவிட்டது. உடனே அறுவை சிகிச்சை செய்யவேண்டும். ஆஸ்பத்திரி ஷெர்புரூக்கில், சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில்.

வெயில் காலமாக இருந்தால் காரில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். அன்றோ சாலை முழுக்கப் பனி. கராஜில் இருந்த சோதனை வண்டி ஓடும் நிலையில் இல்லை.

சுற்றுவட்டாரத்திலேயே சிறந்த மெக்கானிக் அவர். எந்தக் குளிரிலும் ஓர் இன்ஜினைக் கிளப்பத் தெரிந்தவர். ஆனால் ஊரைத் தாண்டிப் போக அவரிடம் ஒரு வண்டி இல்லை. குழந்தை இறந்துபோனது.

இதற்குப் பிறகு அவர் என்ன நினைத்தார், என்ன பேசினார் என்று கதை கட்ட நமக்கு உரிமை இல்லை. நடந்ததை மட்டும் சொல்லலாம். அவர் திரும்பப் பட்டறைக்குப் போனார். ஒரு வருஷத்துக்குள், இத்தனை காலம் பிடிபடாமல் இருந்த விடை அவர் கைக்கு வந்தது.

விடை: ஒரு பல்சக்கரம்

பிரச்சினை என்ன என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார். ஒவ்வொரு டயரும் 150 சதுர செ.மீ. அளவுக்குத் தரையைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு டயருக்கும் சேர்த்து 600 சதுர செ.மீ. அப்படியானால் ஒவ்வொரு சதுர செ.மீ. மேலும் 2 கிலோ எடை. புதுப் பனி இதைத் தாங்காது, வண்டி புதைந்துவிடும். அதே எடையை 40 செ.மீ. அகலம், 150 செ.மீ. நீளம் தரையில் படுகிற இரண்டு பட்டைகளின் மேல் வைத்தால் பரப்பு 12,000 சதுர செ.மீ. அழுத்தம் 0.1 கிலோ. இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது! எடை மாறவில்லை, பரப்புதான் மாறியது. ஒன்பதாம் வகுப்புப் பாடம்தான்.

அப்படியென்றால் பட்டை மாட்டினால் வேலை முடிந்ததா? இல்லை. பட்டையைச் சுற்றுவதற்கு ஒரு பல்சக்கரம் வேணுமே. சைக்கிள் செயினையும் அதன் பல்சக்கரத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பற்களுக்கு நடுவில் பனி புகுந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு சுற்றிலும் பனி அழுந்தி அழுந்தி ஐஸ் கட்டியாகும். பற்களுக்கு நடுவில் இடமே இருக்காது. பட்டை தன் பாதையை விட்டு நழுவும், அல்லது அறுந்துபோகும். உலோகம் என்றால் ஐஸ் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

1935-ல் பம்பார்டியர் செய்தது இதுதான். மரத்தால் பல்சக்கரம் செய்து அதன் மேல் ரப்பர் போர்த்தினார். பட்டையை ரப்பரும் பருத்தித் துணியும் சேர்த்துச் செய்து, குறுக்கே இரும்புச் சட்டங்கள் வைத்தார். பல்சக்கரத்தின் பற்கள் அந்தச் சட்டங்களைப் பிடித்துப் பட்டையை இழுக்கும். ரப்பர் வளைந்து கொடுப்பதால் பனி அதில் ஒட்டி ஐஸ் ஆகாது, உதிர்ந்துவிடும். பட்டை லேசாகவும் இருந்தது, வளையவும் செய்தது, சத்தமும் குறைவு.

இவ்வளவுதானா என்று தோணலாம். இவ்வளவுதான். 13 வருஷம் தேடிய விடை, ரப்பர் போர்த்திய ஒரு மரச்சக்கரம். 1937-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

டாக்டர் வண்டி, தபால் வண்டி, பள்ளிக்கூட வண்டி

இந்த அமைப்போடு வந்த முதல் வண்டி பி-7. அவர் பெயரின் முதல் எழுத்தும், உட்காரக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையும் சேர்ந்த பெயர் அது. ஒட்டுப்பலகையால் செய்த மூடிய உடல். முன்னால் சறுக்குக் கட்டைகள், பின்னால் பட்டைகள்.

யார் வாங்கினார்கள் தெரியுமா? பணக்காரர்கள் பொழுதுபோக்குக்கு வாங்கவில்லை. கிராமத்து டாக்டர்கள், கால்நடை மருத்துவர்கள், பாதிரியார்கள், ஹோட்டல்காரர்கள், தபால்காரர்கள், தந்தி - தொலைபேசி லைன் பழுதுபார்ப்பவர்கள். அவர் மகனுக்கு அன்று எது கிடைக்கவில்லையோ, அது மற்றவர் பிள்ளைகளுக்குக் கிடைக்க ஆரம்பித்தது. டாக்டர் நோயாளியின் வீட்டுக்குப் போனார், நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

தேவை கூடியதால் 1941-ல் வருஷத்துக்கு 200 வண்டி செய்யக்கூடிய புதிய தொழிற்சாலையை வால்கூரிலேயே திறந்தார். அடுத்து 12 பேர் உட்காரும் பி-12 வந்தது. வட்ட வட்டமான ஜன்னல்களோடு, கப்பலும் பஸ்ஸும் கலந்தது மாதிரி ஒரு தோற்றம். இன்ஜின் பின்பக்கம், அதாவது பட்டைகள் இருக்கும் பக்கம். எடை அங்கே விழுந்தால் பட்டைக்குப் பிடிப்பு கிடைக்கும், முன்னால் சறுக்குக் கட்டைகள் லேசாக மிதக்கும். பட்டைக்குள் ஓடும் சக்கரங்களிலும் ஒரு சின்ன மாற்றம் செய்தார். ஆரக் கம்பிகள் இருந்தால் இடுக்கில் பனி சேரும். அதனால் இடுக்கே இல்லாத தட்டுச் சக்கரங்களைப் போட்டார். பாருங்க, மறுபடி அதே எதிரி, அதே யோசனை. பனி ஒட்டுவதற்கு இடம் கொடுக்காதே!

பிறகு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போக இன்னும் பெரிய சி-18 வந்தது. 1942-ல் தொழில் முறைப்படி கம்பெனியாகப் பதிவானது. தம்பிமாரும் கூடவே வேலை பார்த்தார்கள். அப்போது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. போர்க் காலக் கட்டுப்பாட்டால், பிழைப்புக்கு இந்த வண்டி அவசியம் என்று காட்டினால்தான் ஒருவர் வாங்க முடியும் என்ற நிலை வந்தது. உள்ளூர் விற்பனை குறைய, ராணுவத்துக்கான பனி வண்டிகளை வடிவமைத்துக் கொடுத்தார்.

சிவில் இன்ஜினியர் ஜெயித்த வருஷம்

போர் முடிந்ததும் வியாபாரம் ஏறுமுகம். 1947-48-ல் விற்பனை சுமார் 23 லட்சம் டாலர். அடுத்த வருஷம் அது 14 லட்சமாகச் சரிந்தது.

ஏன்? வண்டியில் குறையா? இல்லை. போட்டிக் கம்பெனியா? அதுவும் இல்லை. 1948-ல் கியூபெக் அரசு, கிராமத்துச் சாலைகளிலும் குளிர்காலத்தில் பனியை அகற்றப்போவதாக முடிவு செய்தது. சாலை திறந்துவிட்டால் சாதாரணக் கார் போதுமே, பனி வண்டி எதற்கு? நம்ம கடைசி பெஞ்ச் சிவில் நண்பர் சொன்னது நடந்துவிட்டது.

இதை யோசித்துப் பாருங்க. அவர் வாழ்க்கையையே கொடுத்துத் தீர்த்த பிரச்சினையை, அரசாங்கம் வேறு வழியில் அதைவிடச் சுலபமாகத் தீர்த்துவிட்டது. ஊர் மக்களுக்கு அது நல்ல செய்தி. இனி எந்தக் குழந்தையும் பனியால் வீட்டில் அடைபட வேண்டாம். ஆனால் வண்டி செய்தவருக்கு, கையில் ஒரு தொழிற்சாலை, அதை நம்பி ஓர் ஊர்.

அவர் தன் கையில் உண்மையில் இருப்பது என்ன என்று பார்த்தார். இருப்பது பனி பஸ் இல்லை. மென்மையான தரையில் புதையாமல் போகும் ஒரு பட்டை. பனி மட்டும்தான் மென்மையான தரையா? சேறு இருக்கிறது, சதுப்பு நிலம் இருக்கிறது, காடு இருக்கிறது. 1949-ல் சாதாரண டிராக்டரின் சக்கரத்தில் மாட்டக்கூடிய பட்டையைக் கொண்டுவந்தார். நடைபாதைப் பனியை அள்ளும் சின்ன வண்டியும் செய்தார். தன் வியாபாரத்தைக் கெடுத்த அதே வேலைக்கே ஒரு இயந்திரம்! 1953-ல் மஸ்கெக் என்ற டிராக்டர் வந்தது. மஸ்கெக் என்றால் வட கனடாவின் சதுப்பு நிலம். எண்ணெய் தேடுபவர்கள், மரம் வெட்டுபவர்கள், மின்கம்பம் நடுபவர்கள் என்று பலருக்கும் அது கைகொடுத்தது. 1957-58-ல் விவியன் ஃபுக்ஸ் தலைமையில் அண்டார்க்டிகாவைக் குறுக்காகக் கடந்த பயணக் குழுவிடமும் ஒரு மஸ்கெக் இருந்தது.

பழைய ஆசை

ஒருவர் இருவர் மட்டும் போகக்கூடிய ஒரு குட்டிப் பனி வண்டி, இளம் வயதிலிருந்தே அவர் மனசில் இருந்தது. அன்று கிடைத்த இன்ஜின்கள் எல்லாம் கனம். கனமான இன்ஜினை லேசான வண்டியில் வைத்தால் புதையும். அதனால் அந்த ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பெரிய வண்டிகளைச் செய்தார்.

1950-களின் கடைசியில் லேசான, நம்பகமான சின்ன இன்ஜின்கள் சந்தைக்கு வந்தன. அதே சமயத்தில் மகன் ஜெர்மேன், இணைப்பே இல்லாத ஒரே வளையமாக வார்த்த அகலமான ரப்பர் பட்டையை உருவாக்கியிருந்தார். இரண்டையும் அப்பா ஒன்றாகச் சேர்த்தார். 1959-ல் ஸ்கீ-டூ பிறந்தது. அதன் முதல் மாதிரிகளில் ஒன்று, வட ஒன்டாரியோவில் பழங்குடி மக்களிடையே வேலை செய்த நண்பரான பாதிரியார் மோரிஸ் உய்மெவுக்குப் போனது. நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிக்கு மாற்றாக நினைத்துச் செய்ததால் முதலில் யோசித்த பெயர் ஸ்கீ-டாக். அது அச்சுப் பிழையால் ஸ்கீ-டூ ஆனது என்று ஒரு கதை உண்டு.

முதல் பருவத்தில் விற்றது 225 வண்டிகள். அவர் மனசில் இருந்தது வேட்டைக்காரர்கள், பாதிரியார்கள், நில அளவையாளர்கள் மாதிரியான ஆட்கள். ஆனால் மக்களோ ஜாலியாக ஓட்ட வாங்கினார்கள். சில வருஷங்களில் விற்பனை ஆயிரக்கணக்கில் போனது. குளிர்காலம் என்றாலே வீட்டுக்குள் முடங்குவது என்றிருந்த நாட்டில், எப்போ பனி விழும் என்று காத்திருக்கும் கூட்டம் ஒன்று உருவானது.

அந்த வளர்ச்சியை முழுசாகப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1964 பிப்ரவரி 18 அன்று புற்றுநோயால் காலமானார். வயது 56. அவர் பெயரில் 40-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் இருந்தன. கம்பெனியை மகனும், பிறகு மருமகனும் நடத்தினார்கள். ரயிலும் விமானமும் அதற்குப் பிறகு வந்த கதை.

நமக்கு என்ன?

வால்கூரில் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1926-ல் திறந்த அந்த கராஜையும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

நம்மில் பலர் இந்த செமஸ்டரில் ப்ராஜெக்ட் தலைப்பு தேடிக்கொண்டிருக்கிறோம். எந்த சென்சார், எந்த போர்டு, எந்த சாஃப்ட்வேர் என்றுதான் முதலில் பேசுகிறோம். அது இன்ஜினைக் கிளப்புகிற கேள்வி. அவசியமான கேள்விதான், மைனஸ் 30-ல் ஆயிலைச் சூடாக்கி ஊற்றியவர்களும் அதைத்தான் கேட்டார்கள். ஆனால் வால்கூர் கராஜ்காரர் அதோடு இன்னொன்றும் கேட்டார்: கிளம்பின வண்டி எங்கே போய்ச் சேரணும், யாரைக் கொண்டு சேர்க்கணும், நடுவில் தடுப்பது எது? தடுத்தது பற்களுக்கு நடுவில் ஒட்டிய ஒரு பிடி பனி.

அவருக்கு விடை கிடைத்தபோது, அது அவர் மகனுக்கு ஒரு வருஷம் தாமதம். அதற்காக அவர் அதைச் செய்யாமல் விடவில்லை. அதனால்தான் அடுத்த குளிர்காலங்களில் வேறு யாரோ வீட்டுப் பிள்ளைகள் நேரத்துக்கு ஷெர்புரூக் போய்ச் சேர்ந்தார்கள்.